போடாத ஓட்டு

— சாண்ட்விச் வேண்டாம் மேவிஸ். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. சொல்வீங்களா, மாட்டீங்களா?

— என் வீட்டுக்காரரை இப்பதான் புதைச்சிட்டு வந்திருக்கோம், ஹால்வர். சர்ச்சுக்குக் கீழ இருக்கற ஹால்ல ஊரே உக்காந்து சாப்பிடுது. இன்னிக்கேவா கேக்கணும்?

— ஊரே உக்காந்திருக்குன்னுதான் இன்னிக்குக் கேக்கறேன். என் மேஜையைப் பாருங்க. மத்த மேஜையெல்லாம் முட்டி மோதிக்கிட்டு உக்காந்திருக்காங்க. என்கிட்ட மட்டும் நாற்காலி காலி.

— பாஸ்டர் வந்து உக்காந்தாரே.

— அவர் ஊருக்குப் புதுசு. இன்னும் யாரும் என்னைப் பத்தி அவர்கிட்ட சொல்லல போல.

— வந்த முதல் வாரமே சொல்லிட்டாங்க. தெரிஞ்சுதான் உக்காந்தாரு, பாவம்.

— நல்லா இருக்கு. செனட்டரா இருந்தப்ப இவங்களுக்கு ரோடு கொண்டாந்தேன், பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டேன், ஆத்துக்குக் கரை கட்டினேன். எவனுக்கும் ஞாபகம் இல்ல. நம்ம ஆஸ்பத்திரியைக் காப்பாத்தற மசோதா வந்தப்ப கல்லு மாதிரி உக்காந்திருந்தவன், அவ்வளவுதான் நான்.

— உக்காந்துதானே இருந்தீங்க. ஓட்டுக்குப் பேரைக் கூப்பிட்டப்ப வாயே திறக்கலையே.

— ஏன் திறக்கலன்னு உங்களுக்குத் தெரியாதா? உயிரோட இருக்கறவங்கள்ல உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். ஓட்டெடுப்புக்கு முதல் நாள் சாயங்காலம் உங்க லெஸ்டர் என் ரூமுக்கு வந்தான். 'வயித்துல கட்டி, ஆபரேஷன். வெளிய தெரிஞ்சா அடுத்த தடவை என் கட்சி எனக்கு சீட் குடுக்காது. ஃப்ளூ காய்ச்சல்னு சொல்லிட்டுப் போறேன். நான் இல்லாம எங்க பக்கம் ஒரு ஓட்டு குறையும், நீயும் போடாம இரு'ன்னான். கை குடுத்தேன்.

— குடுத்திருக்கவே வேண்டாம்.

— அது எங்க செனட் சபை வழக்கம்மா. எதிர்க்கட்சிக்காரன் படுத்துட்டா, இந்தப் பக்கம் ஒருத்தன் ஓட்டு போடாம இருந்து சரிக்கட்டணும். நாளைக்கு நான் படுத்தா அவன் எனக்குச் செய்யணும். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. கை குடுத்தா குடுத்ததுதான்.

— அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?

— யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்னும் சேத்துத்தான் கை குடுத்தேன். ரெண்டு பக்கமும் ஓட்டு சமமா நின்னுது, மசோதா விழுந்துது. என் ஒரு ஓட்டு, மேவிஸ். அதைப் போட்டிருந்தா ஆஸ்பத்திரி இன்னிக்கும் இருக்கும். பனி விழறதுக்குள்ள அதைப் பூட்டினாங்க. அடுத்த தேர்தல்ல என்னையும் பூட்டினாங்க. உங்க வீட்டுக்காரன் மட்டும் கடைசி வரைக்கும் செனட்டரு.

— அவருக்கு ஒண்ணும் அது இனிக்கல.

— எனக்கு இனிச்சுதா? யூனிஸ்கிட்டகூட நான் சொன்னதில்ல. கட்டின பொண்டாட்டிகிட்ட. 'அன்னிக்கு யாருக்குப் பயந்தீங்க?'ன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. அப்புறம் ஒரு நாள் கேக்கறதை விட்டுட்டா. எனக்கு அதுதான் தாங்கல.

— கடைசியா அவளைக் கொண்டுபோன ஆம்புலன்ஸ்ல நீங்களும் கூடத்தானே போனீங்க.

— போனேன். ரோடெல்லாம் பனி, வண்டி ஊர்ந்துது. பெரிய ஆஸ்பத்திரி இருக்கற மைனாட் டவுன் வெளிச்சம் அப்பதான் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சுது. அவ கை அப்பவே... சரி, விடுங்க. நம்ம ஆஸ்பத்திரி இருந்திருந்தா அவளைத் தூக்கிக்கிட்டு நடந்தே போயிருப்பேன்.

— காபியாவது குடிங்க. ஆறிப்போச்சு.

— காபி கிடக்கட்டும். எழுந்து நின்னு நாலு வார்த்தை சொல்லுங்க. ஹால்வர் பயப்படல, விலை போகல, என் வீட்டுக்காரருக்குக் குடுத்த வாக்கைக் காப்பாத்தினான்னு. லெஸ்டர் இருந்த வரைக்கும் நான் வாயைத் திறக்கல. இப்ப நானே சொன்னா, செத்தவன் மேல பழி போடறான்பாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க.

— சொல்றேன்.

— நிஜமாவா?

— சொல்றேன்னு சொன்னேனே. ஆனா எனக்கு அரைகுறையா சொல்லத் தெரியாது, ஹால்வர். வாயைத் திறந்தா முழுசாத்தான் வரும். அதை முதல்ல நீங்க கேட்டுக்கணும். வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க, தட்டை எடுத்துக்கிட்டு அந்த மேஜைக்குப் போறேன்.

— இதுல இன்னும் என்ன இருக்கு முழுசா?

— அந்த மசோதா ஜெயிக்கணும்னு லெஸ்டருக்கும் ஆசை. ஆத்துக்கு அந்தப் பக்கம் எங்களுக்கும் அதுதானே ஆஸ்பத்திரி? எங்க மூணு பிள்ளைகளும் அங்கதான் பொறந்துது. ஆனா எதிர்த்துப் போடுன்னு கட்சி அவர் கழுத்துல உக்காந்திருந்துது.

— அப்படின்னா எதுக்கு என்கிட்ட வந்தான்? எங்க கட்சியில வேற ஆளா இல்ல?

— வேற யாரா இருந்தாலும் சொன்னபடி நடந்துடுவாங்க. நீங்கதான் அந்த ஊர்க்காரர்.

— மேவிஸ், புரியற மாதிரி சொல்லுங்க.

— ஆபரேஷனுக்கு உள்ள தள்ளிக்கிட்டுப் போறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாரு. 'கவலைப்படாதே, ஆஸ்பத்திரி பிழைச்சுடும். சொந்த ஊர் ஆஸ்பத்திரியை எவனாவது சாகவிடுவானா? ஹால்வர் கண்டிப்பா வாக்கை மீறிடுவான். கட்சி கேட்டா, கை குடுத்து ஏமாத்திட்டான்னு அவன் தலையில போட்டுக்கலாம்'னாரு.