வெறும் தண்ணீர்

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், ஐயா. காகிதமெல்லாம் பறக்கிறது. அப்புறம் நான் சொன்னதையே சொல்லவில்லை என்பீர்கள்.

தவளைக் கருவைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியுமோ, எனக்குத் தெரியாது. விசாரணைக் குழுவில் உட்கார அதெல்லாம் தேவையும் இல்லை. ரொம்ப நாகரிகமான ஜீவன் அது. ஆரம்பத்திலேயே எக்ஸ்ரே பட்டுக் கெட்டுப்போனாலும் காட்டிக்கொள்ளாது. அது பாட்டுக்குப் பெருகிக்கொண்டிருக்கும். உடம்பு உருவெடுக்க வேண்டிய வேளை வந்ததும், செல்களெல்லாம் ஒட்டுமொத்தமாகத் தங்களை முடித்துக்கொள்ளும். அதற்கான கட்டளை மரபணுவிலேயே இருக்கிறது. நம் ஆய்வுக்கூடத்து இயக்குநருக்கு அப்படி ஒரு மரபணு இல்லாதது நம் தலையெழுத்து.

அந்தச் சாவைத் தடுக்கிற மரபணு ஒன்றை என் தங்கை கண்டுபிடித்தாள். அதிலிருந்து எடுத்த கரைசலை ஊசியால் ஏற்றினால், கெட்டுப்போன கருவும் பிழைத்துத் தலைப்பிரட்டையாகி நீந்தும். கடல் தாண்டி ஓர் ஆய்வுக்கூடம் அவளைக் கூப்பிட்டது.

"அக்கா, நான் போறேன்க்கா!" என்று குதித்தாள். தவளை முட்டையைத் தவிர வேறு எந்த முட்டையையும் கையாளத் தெரியாதவள். தனியாக என்ன செய்வாள்?

கரைசல் தயாரிப்பது என் வேலை. அன்றிலிருந்து சோதனைக் குழாயில் வெறும் தண்ணீரை நிரப்பிக் கொடுத்தேன். அவள் ஒழுங்காக ஊசி போட்டாள். கருக்கள் ஒழுங்காகச் செத்தன. அந்த ஆய்வுக்கூடத்தார் நேரில் பார்க்க வந்த அன்றும் அப்படியே. முதல் முடிவே புளுகு என்று இயக்குநர் அவளை வீட்டுக்கு அனுப்பினார்.

உண்மையான கரைசலை நான் கொட்டவில்லை. உறைபெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன். அதைத்தான் நீங்கள் எடுத்திருக்கிறீர்கள். தங்கச்சி உழைப்பு, ஐயா. கொட்ட எப்படி மனசு வரும்?

"நான் தெரியாமலே பொய் சொல்லிட்டேனாக்கா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"யாருக்கும் நடக்கும்டி. ஆசைப்பட்டதுதான் கண்ணுக்குத் தெரியும்" என்று தலையைத் தடவிக் கொடுத்தேன்.

இப்போது அவளால் ஒரு தொந்தரவும் இல்லை. அடுப்பை அணைத்தாளா என்பதைக்கூட என்னைக் கேட்டுத்தான் நம்புகிறாள். தூக்கத்துக்கு ஒரு மாத்திரை போதும் என்றார் மருத்துவர். என் தங்கையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? நான் இரண்டாகக் கொடுக்கிறேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும்? ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், ஐயா. இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். நம்புவதற்கு அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?