யாரும் தூங்காத வகுப்பு

"நேத்து என் கிளாஸ்ல ஒருத்தருகூடத் தூங்கல. அதுக்குத்தான் பிரின்சிபால் கூப்பிட்டு வஞ்சாரு."

திண்டுக்கல்லிலிருந்து சின்னாளபட்டி போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையிலிருந்த பெண் இப்படிச் சொன்னதும் நான் செல்போனைப் பையில் போட்டுவிட்டேன். ஏதோவொரு தனியார் தொழிற்கல்லூரியில் ஏசி மெக்கானிக் பாடம் எடுப்பவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் அங்கேயே கம்ப்யூட்டர் ஆசிரியை.

"அப்படி என்னக்கா பண்ணுனீங்க?"

"நல்லா நடத்துறது எப்படின்னு போன வாரம் நமக்குப் பயிற்சி குடுத்தாங்கள்ல?"

"ஆமா. அந்த சார் நாள் பூராம் ஸ்கிரீனப் பாத்து வாசிச்சாரு. நான் நல்லாத் தூங்குனேன்."

"பிள்ளைககிட்ட வேலையக் குடுங்கன்னும் வாசிச்சாரு. நான் கிறுக்கி, அத நம்பிட்டேன். ஓடாத ஏசி ஒண்ண நடுவுல வச்சு, என்ன கோளாறுன்னு நீங்களே கண்டுபிடிங்கன்னுட்டேன். அம்புட்டுத்தான், ஒரே சண்டை, சத்தம். படிப்ப விட்டுட்டு மில்லு வேலைக்குப் போறேன்னு சொன்னாளே புவனா, அவதான் கண்டுபிடிச்சா."

"அதுக்கா வஞ்சாரு?"

"பாடம் நடந்தா அமைதியா இருக்கணுமாம். இன்னொருக்கா சத்தம் கேட்டா வேற ஆளப் பாத்துக்கிருவாராம்."

"பெறகு இன்னைக்கு என்ன பண்ணுனீங்க?"

"எனக்கு முன்னாடியே புவனா வந்து நிக்கிறா. 'டீச்சர், இன்னைக்கு எதக் கழட்டலாம்?'ங்கிறா."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"கதவச் சாத்திட்டு கம்ப்ரெசர எடுத்துக் குடுத்துட்டேன்."