கட்டுக்கம்பி

நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்ததைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இன்ஸ்பெக்டர் சார். எங்கே போனாலும் எனக்கு அது பழக்கம். சொந்த மகன் வீட்டு சோபாவையே துடைத்துவிட்டுத்தான் உட்காருவேன். மருமகள் ஷைலஜா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். டீ வேண்டாம். சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பட்டாபிராமன். பாலிடெக்னிக்கில் டீசல் இன்ஜின் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். போன வாரம் திருப்பனந்தாள் போகும் வழியில் வாய்க்காலுக்குள் பாய்ந்ததே ஒரு பிக்கப் வண்டி, அது விஷயமாக வந்திருக்கிறேன். ஓட்டிய நெடுஞ்செழியன் என் பழைய மாணவன். என் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறான். வீட்டிலேயே அரைகுறையாக இன்ஜின் மாற்றினான், அதனால் பிரேக் பிடிக்கவில்லை என்று அவன் மேல் வழக்குப் போட்டு, இப்போது ஜாமீனில் விட்டிருக்கிறீர்கள். அந்த வேலையில் அரைகுறை எதுவும் இல்லை. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு சுத்தம். என் மாணவன் வேலையை யாராவது அரைகுறை என்று எழுதினால் எனக்குப் பொறுக்காது.

அவன் வீடு இருக்கும் இடம் முன்பு எங்கள் கொல்லை. மகன் விஸ்வா சென்னையில் பிளாட் வாங்கும்போது அதில் பாதியை விற்றுவிட்டான். அங்கே எங்கள் மாட்டுக் கொட்டில் இருந்தது. நெடுஞ்செழியனின் தாத்தா அதில்தான் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். தகவலுக்காகச் சொல்கிறேன், வேறொன்றும் இல்லை. மனிதர்களை நான் அப்படிப் பிரித்துப் பார்த்தவன் இல்லை. வகுப்பில் அவனுக்கு முதல் மதிப்பெண் போட்டவனே நான்தான். எனக்கு ஆகாதது எண்ணெய்.

சம்பா நடவு தொடங்குகிற நேரத்தில் அவன் வண்டியின் இன்ஜின் படுத்துவிட்டது. நாற்றுக்கட்டு, உரமூட்டை, ஆள் எல்லாம் ஏற்றிப் பிழைக்கிறவன். நடவு போய்விட்டால் அவனுக்கு அந்த வருஷமே போன மாதிரி. காயலாங்கடையில் வேறொரு வண்டியின் டீசல் இன்ஜினைப் பிடித்துக்கொண்டு வந்தான். பழையதைவிடப் பெரியது. இதை அதில் பொருத்த முடியாது என்று பட்டறைக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். கொல்லையில் தார்ப்பாயைக் கட்டி, மூன்று இரும்புக் குழாயைக் கூம்பாக நிறுத்தி, இன்ஜினைத் தூக்கச் செயின் பிளாக்கை மாட்டித் தானே இறங்கிவிட்டான்.

அன்றிலிருந்து என் வீட்டில் மூச்சு விட முடியவில்லை. இன்ஜினைப் பிரித்து ஒவ்வொரு பாகமாக மண்ணெண்ணெயில் கழுவுவான். அந்தக் கறுப்புத் தண்ணீர் சுவரோரமாகக் கசிந்து என் கிணற்றடிக்கு வரும். காய்ந்தால் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும்; மிதித்தால் காலோடு வரும். அவன் அம்மா பொன்னுத்தாய் அதே இடத்தில் கருவாடு காயப்போடுவாள். டீசல் நெடி, கருவாட்டு நெடி, அவர்கள் சிரிக்கிற சத்தம் எல்லாம் ஒன்றாகச் சுவரைத் தாண்டி வரும். ஜன்னலைச் சாத்திவிட்டுச் சாப்பிட உட்காருவேன். மோர் சாதத்தில்கூட அந்த வாடைதான் அடித்தது.

சந்தேகம் கேட்க அவன் கொல்லைக் கதவுக்கு வருவான். கூப்பிடாமல் உள்ளே வர மாட்டான், அந்த அளவுக்கு நல்ல பையன். நானும் போய்ப் பார்த்தேன். தள்ளி நின்றுதான் சொல்லிக்கொடுத்தேன் என்றாலும் எனக்கும் அதில் ஆர்வம் வந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ரிங் மாற்றினான், வால்வு தேய்த்தான், இன்ஜினை உட்காரவைக்கப் புதிதாக இரும்பு வெட்டி வெல்டிங் வைத்தான். எல்லாம் நான் சொன்னபடியே.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. இந்த வண்டிகளில் பிரேக்கை மிதிக்க இன்ஜின்தான் பலம் கொடுக்கிறது. இன்ஜினிலிருந்து பிரேக்குக்கு ஒரு ரப்பர் குழாய் போகும். அது அறுந்தால் பிரேக் மிதி கல் மாதிரி இறுகிவிடும், ஏறி நின்று மிதித்தாலும் லேசில் பிடிக்காது. புது இன்ஜினில் புகைக்குழாய் அதே பக்கம் வந்துவிட்டது. ரப்பர் அதில் பட்டால் சூட்டில் உருகிவிடும் என்று நான்தான் எச்சரித்தேன். அவன் குழாயை விலக்கிக் கட்டுக்கம்பி போட்டு இறுக்கிக் கட்டினான். அதையும் பார்த்துச் சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பூஜை போட்டார்கள். முதல் சாவியை நான்தான் போட வேண்டும் என்று நெடுஞ்செழியன் பிடிவாதம் பிடித்தான். சீட்டில் என் துண்டை விரித்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி நகர்ந்தபோது தெருவே கை தட்டியது. இறங்கியதும் பொன்னுத்தாய் வாழையிலைத் துண்டில் சர்க்கரைப் பொங்கலோடு வந்தாள். முன்பெல்லாம் என்னைச் சாமி என்று கூப்பிடுவாள். இப்போது சார். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது.

"சாப்பிடுங்க சார். உங்க கை பட்டுத்தான் எங்க வண்டிக்கு உசுரு வந்துச்சு," என்று என் கையைப் பிடித்து இலையை வைத்தாள். எனக்குக் கையை இழுத்துக்கொள்ள நேரம் இல்லை. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தின்றேன். நெய் வழிந்து விரலிடுக்கில் ஒட்டியது. அவள் கை ஈரம் என் மணிக்கட்டில் அப்படியே இருந்தது. வீட்டுக்குப் போய் வாய்க்குள் விரலை விட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். நெய்யும் எண்ணெய்தானே.

புது இன்ஜின் ஓடி முடித்த பிறகு போல்ட்டுகளை ஒருமுறை முடுக்கிப் பார்க்க வேண்டும், அது வேலை ஒழுங்கு. மத்தியானம் அவன் வந்து கூப்பிட்டான்.

"நீங்க ஒரு தடவ பாத்து மூடிட்டீங்கன்னா போதும் சார். அதுக்கப்பறம் நான் தொடக்கூட மாட்டேன்."

அவன் சொன்னபடி செய்கிறவன். எங்கள் பாலிடெக்னிக்கில் படித்த பையன்கள் எல்லாருமே அப்படித்தான். வாத்தியார் பார்த்துக் கொடுத்த வேலையை மறுபடி திறந்து பார்ப்பது அவரைச் சந்தேகப்படுவது மாதிரி என்று நினைப்பார்கள். அந்த மரியாதையை ஊட்டியவனும் நான்தான். அவர்கள் உள்ளே சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். கருவாட்டுக் குழம்பு. நான் போல்ட்டுகளை முடுக்கினேன். பிறகு கட்டுக்கம்பியின் முறுக்கைப் பிரித்து எடுத்து, ரப்பர் குழாயைப் புகைக்குழாயின் மேல் படுக்க வைத்தேன். நான் எதையும் வெட்டவில்லை, உடைக்கவில்லை. ஒரு முடிச்சை அவிழ்த்தேன். பானெட்டை மூடிவிட்டு, சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் எதிர்பார்த்தது என்ன என்று கேட்பீர்கள். வண்டி எங்காவது முட்டிக்கொள்ளும், இந்த இன்ஜின் ராசியில்லை என்று விற்றுத் தொலைப்பான், கொல்லை பழையபடி ஆகும். அவ்வளவுதான். அது சரக்கு வண்டி. பின்னால் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பெண்கள் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

இல்லை, அதைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். தெரியும். மறுநாள் நடவுக்கு இதில்தான் போகிறோம் என்று பொன்னுத்தாய் பொங்கல் கொடுக்கும்போதே சொன்னாள். விடிந்ததும் பெண்கள் என் வாசலுக்கு எதிரேதான் ஏறினார்கள், எள் விழ இடமில்லாமல் நின்றுகொண்டு. அவள் கடைசியாக ஏறினாள். திரும்பி என்னைப் பார்த்து, போய்ட்டு வர்றோம் சார் என்றாள். நான் தலையாட்டினேன். கையைக் காட்டி நிறுத்தியிருக்கலாம். சேறு படிந்த புடவையும் வெற்றிலை எச்சிலுமாக அவர்கள் என் வாசலைவிட்டு நகர்ந்தால் போதும் என்று இருந்தது. வண்டி போனதும் வாசலைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன்.

மதகுத் திருப்பத்தில் குழாய் உருகி, பிரேக் பிடிக்காமல் போயிருக்கிறது. மேட்டூர் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிற நேரம். நீச்சல் தெரிந்தவர்கள் கரை ஏறினார்கள். பொன்னுத்தாயையும் நெடுஞ்செழியனின் மனைவி கயல்விழியையும் கோரைக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். கயல்விழி ஆறு மாத கர்ப்பம் என்பது பிறகுதான் தெரிந்தது. அது நிஜமாகவே எனக்குத் தெரியாது.

உருகிய குழாயைப் பார்த்த அதிகாரி, கட்டாமல் விட்டிருக்கிறான் என்று எழுதினார். நெடுஞ்செழியன் அதை அப்படியே நம்பிவிட்டான். தான் கட்டியது அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் நான் பார்த்து மூடிய வண்டி அல்லவா, அதனால் தன் ஞாபகம்தான் தப்பு என்கிறான். தினமும் என் வீட்டுக்கு வருகிறான். இப்போது கூப்பிடாமலே உள்ளே வருகிறான். இன்று காலை என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"நீங்க பாத்துக் குடுத்த வண்டிய நான் கெடுத்துட்டேன் சார். ரெண்டு பேரையும் நானே கொன்னுட்டேன். உங்கள வந்து பாத்தாதான் மனசு கொஞ்சம் ஆறுது."

இதை இனி என்னால் தாங்க முடியாது. அதனால்தான் வந்தேன். கம்பி என் கொல்லையில் கிணற்றுக்குப் பின்னால் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். கொன்றது நான்தான் என்று அவனிடம் சொல்லிவிடுங்கள். பிறகு அவன் என் வீட்டுப் படி ஏற மாட்டான்.

எண்ணெய் மட்டும்தான் எனக்கு ஆகாது என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். இன்று அவன் மொட்டைத் தலையோடு, குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, வெளுத்த வேட்டியில் வந்திருந்தான். கையில் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. இருந்தாலும் நான் குளித்துவிட்டுத்தான் இங்கே கிளம்பினேன்.