பதினேழாம் நம்பர் கல்

உமாதேவி: ...கையில வச்சுப் பார்த்தா ரெண்டு களிமண்ணும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். ஆனா ஒண்ணு இல்லீங்க.

சுரேஷ்கண்ணன்: திராட்சைக் கொடியக் கட்டிக்கிட்டே கேக்குறேன், சொல்லு. மகாராஷ்டிராவுல அந்த லோனார்ல எரிகல்லு விழுந்துச்சு, பள்ளமாச்சு. அப்புறம்?

உமாதேவி: விழுந்த சூட்டுல பாறை உருகிருச்சு. மேல ஆறினாலும் அடியில சூடு ரொம்பக் காலம் நின்னுச்சு. வெடிப்பு வழியா தண்ணி இறங்கி, கொதிச்சு, பாறையக் கரைச்சுக் களிமண்ணாக்கிருச்சு.

சுரேஷ்கண்ணன்: வேக வச்சிருச்சுங்குற.

உமாதேவி: ம்... ஆனா வெறும் மழைத்தண்ணியும் அதே வேலையச் செய்யும். மெதுவா. சூடே வேணாம். எது சுடுதண்ணி செஞ்சது, எது மழை செஞ்சதுன்னு பிரிக்கிறதுதான் என் ஆராய்ச்சி.

சுரேஷ்கண்ணன்: அதத்தான் பிரிச்சிட்டியே! என் பொண்டாட்டி டாக்டர்னு ஓடைப்பட்டி முக்குல பிளக்ஸ் கட்டுனேனே. உன் படத்தவிட என் படம் பெருசா...

உமாதேவி: சிரிக்காதீக.

சுரேஷ்கண்ணன்: ஏன்... என்னாச்சு?

உமாதேவி: பதினேழாம் நம்பர் கல்லு. போர் போட்டு ஆழத்துல எடுத்ததுன்னு எழுதியிருக்கேன். அது பள்ளத்துக் கரை மேல மழையில கெடந்த கல்லு. சீட்ட மாத்தி ஒட்டிருக்கேன். போன மாசம் பழைய நோட்டப் புரட்டுறப்பத்தான்...

சுரேஷ்கண்ணன்: ஒத்தக் கல்லுதான?

உமாதேவி: அந்த ஒத்தக் கல்ல வச்சுத்தான் அம்புட்டு ஆழத்துக்கும் சுடுதண்ணி இறங்குச்சுன்னு சொன்னேன்.

சுரேஷ்கண்ணன்: யாருக்குத் தெரியும்?

உமாதேவி: கைடு சார்கிட்டச் சொன்னேன். விட்டுரும்மா, பட்டமும் போயிரும், காலேஜ் வேலையும் போயிரும்னாக.

சுரேஷ்கண்ணன்: பெரியவுக... யோசிக்காமலா சொல்லுவாக.

உமாதேவி: கிருபாவதின்னு ஒரு பொண்ணு, இப்ப லோனார்ல ஆராய்ச்சி பண்றா. நான் எழுதுனத நம்பி மூணு வருசமா அதே ஆழத்துல சுடுதண்ணித் தடத்தத் தேடுறா. ஒண்ணும் கெடைக்கல. தனக்குத்தான் வேலை தெரியலன்னு நேத்து போன்ல அழுகுறா. படிப்ப விட்டுட்டு ஊருக்குப் போறாளாம்.

சுரேஷ்கண்ணன்: உமா... உங்க சாரு எனக்கும் போன் போட்டாக. புதன்கிழமை. நீ எதுவும் எழுதிப் போட்டுறாம தடுக்கச் சொன்னாக. நானும்... சரின்னுட்டேன். உங்கிட்ட எப்படி ஆரம்பிக்கன்னு தெரியாமத்தான் நாலு நாளா இந்தப் பந்தலுக்குள்ளயே கெடக்கேன்.

உமாதேவி: இனிமே தடுக்க முடியாதுங்க. காலையிலயே கல்லு மாறுனத எழுதி அனுப்பிட்டேன், ஆராய்ச்சிப் பத்திரிகைக்கும் யுனிவர்சிட்டிக்கும். கிருபாவதிகிட்டயும் தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டேன். உங்ககிட்டச் சொல்லத்தான்... பயமா இருந்துச்சு.