விட்டு விட்டுப் பெய்யும் மேகம்

தேநீர் ஆறினால் கசக்கும், முதலில் குடித்துவிடுங்கள். ஒகிட்சுவின் அக்கா வக்கீல் என்று உங்களை அனுப்பியதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். மென்று விழுங்கும் பழக்கம் எனக்குக் கிடையாது.

மட்சுயாமாவில் ஒன்பது பேர் வேலை பார்க்கும் சின்ன வீடியோ கேம் கம்பெனி எங்களுடையது. நான் இயக்குநர். எங்கள் விளையாட்டை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆடியிருக்கலாம். பொகோ என்று ஒரு குட்டி மேகம். மற்ற மேகங்களைப் போல அதற்குச் சேர்ந்தாற்போல் பெய்ய வராது. இரண்டு சொட்டு விழும், நின்றுவிடும், யோசித்து இன்னொரு சொட்டு விழும். ஊரே சிரிக்கும். கடைசியில் பெருமழை நாற்றை எல்லாம் அடித்துக்கொண்டு போக, பொகோவின் தூறலில்தான் மிச்ச வயல் பிழைக்கும். நீ எப்படி இருக்கிறாயோ அப்படியே இரு என்று அந்த மேகம் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் இடத்தில் பெரியவர்களே கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். எழுதும்போது நானும் அழுதேன்.

பொகோவுக்குக் குரல் மட்டும் அமையவில்லை. தொழில்முறைக் கலைஞர்கள் ஏழு பேரைப் பேச வைத்துப் பார்த்தோம். எல்லோரும் அழகாகத் திக்கினார்கள். கேட்கவே கூசியது.

எங்கள் அலுவலகத்தில் காலை ஒன்பதரைக்கு எல்லோரும் வட்டமாக நிற்போம். முறை வைத்து ஒருவர் ஒரு நிமிடம் பேச வேண்டும். வழியில் பார்த்தது, வீட்டுப் பூனை செய்தது, எதுவானாலும் சரி. எந்த அலுவலகத்திலும் உள்ள வழக்கம்தான். பின்னணிக் காட்சிகள் வரைந்துகொண்டிருந்த ஒகிட்சுவுக்கு அப்போது இருபத்தாறு வயது. திக்குவாய். தன் முறை வருகிறதென்றால் இரண்டு நாள் முன்பே அவனுக்குச் சோறு இறங்காது. "இவன் பேசி முடிக்கறதுக்குள்ள ஒரு லெவல் லோடாயிடும்டா" என்பான் புரோகிராமர் பன்ரி. ஒகிட்சுதான் முதலில் சிரிப்பான். ஒரு நாள் டிராமில் குடையை விட்டுவிட்டு இறங்கிய கதையைச் சொன்னான். 'மழை' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டான். உதடு ஒட்டிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைத்து, பிறகு அந்தச் சொல் மெதுவாக வெளியே விழுந்தது. பொகோவின் குரலை நான் கேட்டுவிட்டேன்.

பொகோவுக்குக் குரல் கொடுக்கிறாயா என்று அன்றே அவனிடம் கேட்டேன். "அது கொஞ்சம்..." என்று நிறுத்தினான். ஜப்பானில் ஒருவர் அப்படிச் சொல்லி நிறுத்தினால் முடியாது என்று அர்த்தம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் இவன் திக்குகிறவன் ஆயிற்றே. வாக்கியம் இன்னும் பாக்கி இருப்பதாக எடுத்துக்கொண்டேன். "மெதுவா சொல்லு, ஒண்ணும் அவசரமில்லப்பா" என்று காத்திருந்தேன். நெடுநேரம் கழித்து, "சரிங்க மேடம்" என்றான்.

இலையுதிர் காலத்துக்குள் எட்டு அத்தியாயங்களில் ஐந்தை முடித்துவிட்டோம். அதற்குப் பிறகுதான் சிக்கல். அவனுக்குப் பேச்சு சரியாகிக்கொண்டு வந்தது.

எனக்குத் தெரியாமல் புதன்கிழமை மாலைகளில் பேச்சுப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தான். காரணம் சவாகோ. டிராம் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள பேக்கரியில் வேலை செய்யும் பெண். அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்திருந்தாள். வசந்தத்தில் அவள் அப்பா முன்னால் உட்கார்ந்து அவன் தன் வாயாலேயே பெண் கேட்க வேண்டும். "அவங்கப்பா பழைய காலத்து ஆளு மேடம். நா...நானே கேட்டுட்டா போதும். வேற எதுவும் எனக்கு வேண்டாம்" என்றான். ஒரே இடத்தில்தான் திக்கினான். வாழ்த்துச் சொன்னேன். பிறகு ஆறாம் அத்தியாயத்தின் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டேன். திக்கச் சொன்ன இடங்களில் நடித்திருந்தான். யாருக்காகவும் உன்னை மாற்றிக்கொள்ளாதே என்று பிள்ளைகளிடம் சொல்லும் விளையாட்டு. அதற்குக் குரல் கொடுப்பவன் வகுப்புக்குப் போய்த் தன்னை மாற்றிக்கொள்கிறான். இது அடுக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

எதில் எல்லாம் அவன் மாட்டிக்கொள்கிறான் என்று ஒரு நோட்டில் குறித்தேன். தொலைபேசி. தன் பெயரைச் சொல்வது. எதிரில் இருப்பவர் நேரம் பார்ப்பது. அவன் வாக்கியத்தை இன்னொருவர் முடித்து வைப்பது. வாரக் கூட்டத்தைப் புதன் மாலைக்கு மாற்றினேன். அலுவலகத் தொலைபேசியை அவன் மேசைக்கு மாற்றினேன். மூன்றாவது முறை மணி அடிப்பதற்குள் எடுத்து, கம்பெனி பெயரையும் தன் பெயரையும் சொல்ல வேண்டும். பாதி அழைப்புகளில் அவன் 'ஒ'வைத் தாண்டும் முன்பே வைத்துவிடுவார்கள். பயிற்சியாக இருக்கட்டும் என்று காலைப் பேச்சைத் தினமும் அவனுக்கே கொடுத்தேன். எதிரில் ஒரு மணல் கடிகாரம் வைத்தேன். பாவம், அவன் சிரமப்படுகிறான், சொல்லை எடுத்துக் கொடுங்கள் என்று மற்றவர்களிடம் சொன்னேன். நல்ல மனிதர்கள், எடுத்துக் கொடுத்தார்கள்.

பன்ரி மட்டும் ஒரு நாள் தனியாக வந்தான். "மேடம், அவன் தினம் காலைல பாத்ரூம்ல போய் வாந்தி எடுக்கறான். போதும், விட்டுடலாம்."

"முதல்ல கிண்டல் பண்ணது யாருப்பா?" என்று கேட்டேன். அதற்கப்புறம் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இரண்டே மாதத்தில் ஆறும் ஏழும் அற்புதமாக வந்தன. எட்டாவதுதான் பாக்கி. என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பொகோ வானத்திடம் கேட்கும் இடம். ஒலிப்பதிவு அறையில் எத்தனை முறை எடுத்தும் அது சப்பென்று இருந்தது. அந்த அறையில் இழக்க அவனுக்கு ஒன்றும் இல்லையே.

மார்ச்சில், பெண் கேட்கக் கூட வர முடியுமா என்று அவனே வந்து கேட்டான். அவனுக்கு அப்பா அம்மா இல்லை. பெண் கேட்கப் போகும்போது மேலதிகாரி பெரியவராகக் கூட வருவது எங்களில் உண்டு. பையன் தடுமாறினால் அவர் பேச வேண்டும். "நான் தி...தி..." என்றான். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. "திக்கினா நீங்க சொல்லிடுங்க மேடம்" என்று அவனே முடித்தான். இனிப்புப் பெட்டியை நல்ல கடையாகப் பார்த்து நானே வாங்கினேன்.

சவாகோவின் வீடு உவாஜிமாவில். முன் அறையில் பாயில் மண்டியிட்டு, இரு கையையும் ஊன்றித் தலை குனிந்தான். "உங்க பொ..." என்றான். அதோடு நின்றது. அவள் அப்பா பொறுமையாகத்தான் இருந்தார். சுவர்க் கடிகாரம் அடித்து ஓய்ந்தது. ஒகிட்சு இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்தான். 'உங்கள் பெண்ணை இவனுக்குக் கொடுங்கள்.' நான் சொல்ல வேண்டியிருந்தது அவ்வளவுதான். நான் என் கைப்பையைச் சற்று முன்னால் நகர்த்தினேன். உள்ளே ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது.

நான்கு நிமிடம் பத்து விநாடி கழித்து அப்பா சொன்னார். "வாயத் தொறந்து கேக்க முடியாதவன், நாளைக்கு இவளுக்கு ஒண்ணுன்னா யாரைக் கூப்பிடுவான்?" ஒகிட்சு நெற்றியைப் பாயில் வைத்தான். அவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, சொல் இல்லை. எட்டாம் அத்தியாயத்தில் நீங்கள் கேட்பது அதுதான். எதையும் வெட்டவில்லை.

விளையாட்டு வெளியானதும் சவாகோவும் ஆடியிருக்கிறாள். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் தன் வீட்டுக் கடிகாரம் அடிப்பதைக் கேட்டிருக்கிறாள். அதை அவனிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டியிருக்கிறாள். அன்றிலிருந்து அவன் பேசுவதில்லை. திக்குவதுகூட இல்லை. அக்காவிடம்கூடத் தாளில் எழுதித்தான் காட்டுகிறானாம்.

எழுதிக்கொள்ளுங்கள். ஆமாம், எல்லாம் வேண்டுமென்றே செய்தேன், ஒவ்வொன்றும் வேலை செய்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். திக்குவாய்ப் பிள்ளைகளிடமிருந்து எத்தனை நன்றிக் கடிதம் வருகிறது தெரியுமா? ஒகிட்சுவின் தொண்டையில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொல்கிறாராம். நானும் அதைத்தான் சொல்கிறேன். அடுத்த மாதம் இரண்டாம் பாகம் தொடங்குகிறோம். ஒலிப்பதிவு அறையில் அவன் நாற்காலியை யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். வந்துவிடுவான். அவனை அவனாகவே ஏற்றுக்கொள்ள எங்களை விட்டால் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?