கேட்டுக்கு வெளிய ஒரு ரசிகை

இன்னா சார் நீங்க, கைய நீட்டி மறிச்சுட்டா நான் திரும்பிப் போய்டுவேனா? ஆம்பூர்லருந்து ரெண்டு பஸ்ஸு மாறி சத்துவாச்சாரி வந்து நிக்கிறேன். உள்ள ஃபைனலு. எங்க ஷூ கம்பெனி பொண்ணுங்க வாலிபால் ஆடப்போறாங்க. என் மருமக கிறிஸ்டினாதான் கேப்டன். நான் வள்ளியம்மாள், அதே கம்பெனில பேக்கிங் செக்ஷன். நீங்க கமிட்டி வேலாயுதம் சாருதானே? அதான் சட்டையில பேரு தொங்குதே.

ஆமாம் சார், போன வாரம் செமி ஃபைனல்ல என்னாலதான் ஆட்டம் நின்னுச்சு. இல்லன்னு சொல்லல. ஆனா நான் இன்னா பண்ணேன், சொல்லுங்க? கிறிஸ்டினா எகிறி ஒண்ணு அடிச்சா பாருங்க, எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. கொண்டை அவுந்துடுச்சு. கத்துனேன், ஆடுனேன். எங்க ஊரு கெங்கையம்மன் திருவிழால வருஷா வருஷம் எனக்கு சாமி வரும். எங்க செக்ஷன் பொம்பளைங்களுக்கு அது தெரியும். ஐயோ, வள்ளியம்மாவுக்கு சாமி வந்துடுச்சுன்னுட்டாளுங்க! ஒருத்தி ஓடிப்போயி வேப்பிலை ஒடிச்சினு வந்தா. இன்னொருத்தி தண்ணி பாட்டில என் தலையில கவுத்துட்டா. ஒருத்தி கால்லயே வுழுந்து, தாயே, எம் பொண்ணுக்கு எப்ப கல்யாணம் ஆவும்னு கேக்குறா. நான் இன்னாத்த சொல்றது? ஏந்திருடி, ஸ்கோர் போர்டு மறைக்குதுன்னேன். அதுக்குள்ள ரெஃப்ரி விசில ஊதி, அந்தம்மாவ வெளிய அனுப்புங்கன்னுட்டாரு.

சிரிக்கிறீங்களே! சிரிங்க, சிரிங்க. அன்னிக்கு நான் பட்ட வெக்கம் எனக்குத்தான் தெரியும்.

சரி, இங்க பேனர்ல இன்னா போட்டிருக்கீங்க? ஃபேன்ஸ் எல்லாரும் வாங்கன்னுதானே? எங்க டீம்ல நந்தினின்னு ஒரு பொண்ணு, இங்கிலீஷ் எம்.ஏ. நான் அழுதுகினு இருந்தேனா, என்னைத் தேத்துறதுக்கு சொன்னா. ஃபேனுங்குற வார்த்தை ஃபெனாட்டிக்னு ஒரு பெரிய வார்த்தையிலருந்து வெட்டி எடுத்ததாம். அதுக்கும் பின்னாடி போனா லத்தீன்ல கோயில்னு வருதாம். கோயில்ல சாமி வந்து ஆடுறவங்களத்தான் மொதல்ல அப்டி சொன்னாங்களாம். அப்புறம் வெறி புடிச்சவங்களத் திட்டுறதுக்கு ஆயி, கடைசியில அமெரிக்கால பேஸ்பால் பாக்க வந்தவங்களுக்குப் பேரா வெச்சாங்களாம். வேற மாதிரி சொல்றவங்களும் இருக்காங்களாம், இருந்துட்டுப் போவட்டும். இப்ப நீங்களே நாயம் சொல்லுங்க சார். உள்ள கால் மேல கால் போட்டு போன் பாத்துகினு இருக்கானே ஒருத்தன், அவனா ஃபேனு? அந்த வார்த்தைக்கு அசல் ஆளே நான்தான். என்னையே கேட்டாண்ட நிக்க வெச்சா எப்டி?

சரி சார், சரி. கோவப்படாதீங்க. உங்களுக்கு மேல ஆளு இருக்காங்க, நீங்க இன்னா பண்ணுவீங்க. நான் ஜாஸ்தி பேஜார் பண்ணல. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேளுங்க.

அதோ, தண்ணி டேங்காண்ட பச்சைப் பொடவ, கையில கொடை, தெரியுதா? மரியம்மாள். கிறிஸ்டினாவப் பெத்தவங்க. அவ எம் புள்ளயக் கட்டிகினதுலருந்து இவங்க பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசல. அன்னிக்கு நான் ஆடுனத எவளோ வீடியோ புடிச்சு வுட்டுட்டா. அது அவங்க சர்ச் குரூப் வரைக்கும் போய்டுச்சு. மறுநாள் எனக்குப் போன் வருது. எடுத்தா இவங்க அழுவுறாங்க. அப்புறம் கேக்குறாங்க, நீங்க அப்டி கத்துனது எம் பொண்ணுக்கா சம்மந்தி? மொத தடவையா என்னை சம்மந்தின்னு கூப்ட்டாங்க சார்.

நான்தான் வாங்கன்னு இட்டாந்தேன். உங்களையே வெளிய தள்ளுன எடத்துக்குள்ள நான் எந்த மூஞ்சோட போறதுன்னு அங்கியே நின்னுட்டாங்க. அவங்களுக்கோசரம்தான் இவ்ளோ நேரம் உங்ககிட்ட மல்லுக்கு நின்னேன். என்னை வுடலன்னாலும் போவுது. அவங்கள மட்டும் முன் வரிசையில ஒக்கார வைங்க, கிறிஸ்டினா கண்ணுல படுற மாதிரி.

இன்னா சார்? ரெண்டு பேருமா? நீங்க நல்லா இருக்கணும்! சம்மந்தி, ஓடியாங்க, சாரு வுட்டுட்டாரு! ஆமாம் சார், நான் வாயத் தொறக்க மாட்டேன், கம்முனு ஒக்காந்துக்கறேன். ஆனா அவங்க பெத்தவங்க, இத்தினி நாளா அடக்கி வெச்சிருக்காங்க. அவங்க கத்துனா அதுக்கு நான் பொறுப்பில்ல.