பதிமூன்று மணி நேரம்

குடித்த கோப்பையைக் கழுவி வைக்காமல் நான் ஒருநாளும் இருக்கைக்குத் திரும்பியதில்லை. அலுவலகத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

தேதி, நேரம் கணக்கிடும் நிரல் தொகுப்பு ஒன்றில் எனக்கு வேலை. உலகப் பொது நேரத்துக்கு ஓர் ஊர் எத்தனை மணி நேரம் முன்னே பின்னே இருக்கலாம் என்பதற்கு எல்லை வைக்க வேண்டும். நாளில் பாதி பன்னிரண்டுதானே என்று அதையே வைத்தேன். அதைத் தாண்டினால் நிரல் பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்ளும்.

எதிர் மேசை அக்கா பதினான்கைக் கொடுத்து ஒரு சோதனை எழுதினார். நிரல் தவறு என்று திரையில் சிவப்பு விழுந்தது.

“தம்பி, சில தீவுங்க பதிமூணு, பதினாலு மணி நேரம் முன்னாடி இருக்கே. உலகப் படத்த பாத்ததே இல்லையா?”

அறையே சிரித்தது. எனக்கு மூக்குடைந்த மாதிரி ஆகிவிட்டது. “சரி பண்ணிடறேங்க்கா” என்றேன். நம்பினார்.

அன்று மாலை வெளியீடு. சிவப்பு இருந்தால் தொகுப்பு வெளியே போகாது. அக்கா மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போயிருந்தார், கணினியைப் பூட்டாமல். அந்தச் சோதனையை அதிலிருந்தே அழித்தேன். எல்லாம் பச்சையாகிவிட்டது.

ஐந்தாம் வாரம் ஒரு தீவிலிருந்து புகார் வந்தது. மருந்து நேரத்தை நினைவூட்டும் கருவி எங்கள் தொகுப்பை நம்பி ஓடியது. ஒரு பெண்ணுக்கு வலிப்பு மாத்திரையின் அடுத்த வேளையைப் பதிமூன்று மணி நேரம் தள்ளிக் காட்டியிருந்தது. படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. திருத்தப் போனால் சோதனை எங்கே என்று கிளறுவார்கள். பொது முகவரியிலிருந்து, ‘மீண்டும் நடந்தால் தெரிவிக்கவும்’ என்று பதில் போட்டேன்.

மீண்டும் நடந்தது. அந்தப் பெண் வலிப்பு வந்து குளியலறையில் விழுந்து இறந்துபோனார்.

எல்லையைத் தவறாக வைத்தது பிழை, சோதனையை அழித்ததுதான் குற்றம் என்றது விசாரணை. அழித்தது அக்காவின் பெயரில் பதிவாகியிருந்தது. “நான் இல்லீங்க” என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். வேலை போன அன்று அவருடைய பெட்டியை வாசல் வரை தூக்கிக்கொண்டு போனேன்.

“நீங்களாவது வந்தீங்களே தம்பி” என்றார்.

செய்தது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பாடம் கற்றுக்கொண்டேன். இப்போதெல்லாம் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் கணினியைப் பூட்டிவிட்டுத்தான் போகிறேன். கூட வேலை செய்கிறவர்களை அப்படியெல்லாம் நம்பிவிட முடிகிறதா, சொல்லுங்கள்.